பழைய கேம்பர் வேனுக்குக் கேமரா மிரர்: பொருத்தும்போது தெரிந்துகொண்டவை

தங்கிப் பயணிக்க வசதி செய்த கேம்பர் வேனுக்குள் நடுவில் தொங்கும் கண்ணாடியில் பெரும்பாலும் தெரிவது நம்முடைய சாமான்தான். பின்பக்கம் கட்டில், அதற்கு மேலே அலமாரி, பின் ஜன்னலில் வெயில் மறைக்கும் திரை. எங்கள் வேனும் அப்படித்தான். சைடு மிரர் இரண்டும் நன்றாக இருந்தாலும் அவை காட்டுவது இரண்டு ஓரங்களை மட்டுமே. வேனின் முதுகை ஒட்டி வரும் பைக்கோ சின்னக் காரோ அந்த இரண்டிலுமே விழாது. நெடுஞ்சாலையில் பிரேக்கில் கால் வைக்கும்போது பின்னால் ஆள் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே மிதிக்க வேண்டும். அது எனக்கு வெகுநாளாக உறுத்திக்கொண்டே இருந்தது.

கேமரா மிரர் என்பது பின்பக்கம் வைத்த கேமராவின் படத்தை, உள் கண்ணாடி இருக்கும் இடத்தில் ஒரு திரையில் காட்டும் கருவி. அது ரிவர்ஸ் எடுக்க உதவும் சாமான் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில், கேம்பர் வேனுக்கு அதன் முதல் வேலை முன்னால் போகும்போது பின்னால் வருவதைக் காட்டுவது. ரிவர்ஸ் இரண்டாவது. இந்த வரிசையை முதலிலேயே தீர்மானித்துவிட்டால், எந்தக் கேமரா வாங்குவது, எங்கே வைப்பது, கரண்டை எங்கிருந்து எடுப்பது என்ற எல்லாக் கேள்விக்கும் பதில் மாறிவிடும். ரிவர்ஸுக்கு மட்டும் என்றால் பம்பரைப் பார்த்தபடி ஒரு சின்னக் கேமரா, ரிவர்ஸ் லைட்டிலிருந்து கரண்ட், முடிந்தது. எப்போதும் ஓட வேண்டும் என்றால் சாவி போட்டதிலிருந்து அணைக்கும் வரை நிற்காத கரண்ட், தூரத்தைப் பார்க்கும் லென்ஸ், நல்ல திரை எல்லாம் வேண்டும்.

யோசனை ஒன்றும் புதிதல்ல. 1956-ல் பியூக் காட்சிக்கு வைத்த செஞ்சூரியன் என்ற மாதிரிக் காரில் கண்ணாடிக்குப் பதிலாகப் பின்னால் டிவி கேமராவும் முன்னால் ஒரு திரையும் இருந்தன. உள் கண்ணாடியே திரையாக மாறி விற்பனைக்கு வந்தது 2016 கேடிலாக் சிடி6 காரில். அமெரிக்காவில் 2018 மே மாதத்திலிருந்து புதுக் கார்களுக்கெல்லாம் பின்கேமரா கட்டாயம். வண்டிக்குப் பின்னால் 10 அடி அகலமும் 20 அடி நீளமும் கொண்ட இடம் ஓட்டுநருக்குத் தெரிய வேண்டும் என்பது அந்த விதி. பழைய வேனுக்கு அது பொருந்தாதுதான். ஆனால் அந்த 10-க்கு 20 என்ற அளவை என் வேலைக்கு நான் எடுத்துக்கொண்டேன்; அதைப் பிறகு சொல்கிறேன்.

கடைகளில் கிடைப்பவற்றைப் பொதுவாக மூன்று வகையாகப் பார்க்கலாம். ஏற்கெனவே இருக்கும் கண்ணாடியின் மேல் ரப்பர் பட்டையால் மாட்டுவது ஒன்று. இதில் பெரும்பாலும் முன்சாலையைப் பதிவு செய்யும் டேஷ்கேம் கேமராவும் சேர்ந்தே வரும். பழைய கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தக் காம்பிலேயே பொருத்துவது இரண்டாவது. வயர்லெஸ் மூன்றாவது. வயர்லெஸ் என்றால் கேபிளே வேண்டாம் என்று அர்த்தமில்லை. கேமராவுக்குக் கரண்ட் போக எப்படியும் பின்னால் ஒரு வயர் இழுத்தாக வேண்டும். இரும்பு உடம்பும், உள்ளே கட்டியிருக்கும் அலமாரியும், பக்கத்தில் ஓடும் மற்ற வயர்லெஸ் கருவிகளும் சிக்னலைக் குலைக்கும். வைஃபை வழியாகப் போனில் பார்க்கும் வகைகளில் படம் கொஞ்சம் பிந்தி வரும். நிறுத்தி வைக்கும்போது அது பெரிய விஷயமில்லை. ஆனால் நம்மைவிட மணிக்கு 40 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் வரும் வண்டி நொடிக்கு 11 மீட்டர் நெருங்குகிறது. அரை நொடி தாமதம் என்றால் ஐந்தரை மீட்டர் பழைய செய்தியைப் பார்த்து நாம் லேன் மாறுகிறோம். அதனால் வயர்லெஸ்ஸை நான் விட்டுவிட்டேன். கேபிள் வழியாக ஏஎச்டி (AHD) என்ற உயர்தெளிவு வீடியோ சிக்னல் அனுப்பும் கேமராவில் இந்தத் தாமதம் கண்ணுக்குத் தெரிவதில்லை, படமும் மஞ்சள் நிறச் செருகியில் வரும் பழைய வகை வீடியோவைவிடப் பல மடங்கு தெளிவு. மிரரும் கேமராவும் தனித்தனியாக வாங்கினால் ஒன்றை மறக்கக் கூடாது: மிரர் எந்தச் சிக்னலை எடுக்கும், கேமரா எதை அனுப்பும், படத் தெளிவின் அளவு 720பி-யா 1080பி-யா, இரண்டும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் கறுப்புத் திரையோ உருளும் கோடுகளோதான் வரும். கேமரா கெட்டுப்போனது என்று வீணாகத் திருப்பி அனுப்புவோம்.

வாங்குவதற்கு முன் வேனிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும். முதலில் வோல்ட். பெரும்பாலான வேன்கள் 12 வோல்ட். லாரி அடிச்சட்டத்தில் கட்டிய சில கேம்பர்கள் 24 வோல்ட். 1960-களின் நடுவரை வந்த ஃபோக்ஸ்வாகன் வேன்கள் 6 வோல்ட். அவற்றுக்குத் தனிக் கன்வெர்ட்டர் வேண்டும். மிகப் பழைய சில பிரிட்டிஷ் வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியோடு சேர்ந்திருக்கும். அப்படி இருந்தால் கேமரா மவுண்ட்டோ மிரரோ பாடியைத் தொட்டாலே ஷார்ட் ஆகும், நல்ல எலக்ட்ரீஷியன் இல்லாமல் தொட வேண்டாம். அடுத்து, கேபிள் நீளம். பெட்டியோடு வருவது பெரும்பாலும் காருக்கு ஏற்ற 6 மீட்டர். ஒரு கயிற்றை எடுத்து, கேபிள் உண்மையில் போகப்போகும் வழியிலேயே, மூலை முடுக்கெல்லாம் வளைத்துப் பிடித்து அளந்து பாருங்கள். வேனின் நீளத்தோடு உயரத்தை இரண்டு முறை கூட்டி, கொஞ்சம் தாராளமாகவும் வைத்தால் எங்களுக்கு 10 மீட்டர் கேபிள்தான் சரிப்பட்டது. இரண்டு துண்டுகளை இணைத்து நீட்டலாம்தான், ஆனால் ஒவ்வொரு இணைப்பும் பின்னாளில் ஒரு தொல்லைக்கு இடம். ஒரே கேபிளாக வாங்குவது மேல்.

இப்போது நான் மிக முக்கியம் என்று நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். டிரில்லைக் கையில் எடுக்கும் முன் முழுச் செட்டையும் தற்காலிகமாக மாட்டி ஓட்டிப் பாருங்கள். மிரரைப் பட்டையால் மாட்டி, கேபிளைத் தரை வழியாகப் பின்னால் கொண்டுபோய்க் கதவிடுக்கில் வெளியே எடுத்து, கேமராவைப் பெயிண்ட் உரியாத மாஸ்கிங் டேப்பால் ஒட்டினோம். கரண்டுக்கு சிகரெட் லைட்டர் சாக்கெட் போதும். கேமரா விழுந்துவிடாமல் இருக்க ஒரு மெல்லிய கயிற்றையும் கட்டிக்கொண்டோம். பிறகு ஓட்டிப் பார்ப்பது, இறங்கிக் கேமராவை இடம் மாற்றுவது, மறுபடி ஓட்டிப் பார்ப்பது. தகடில் போட்ட ஓட்டையைத் திரும்ப மூட முடியாது. டேப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் பிய்த்து ஒட்டலாம்.

அந்தச் சோதனையில்தான் உயரத்தின் அருமை தெரிந்தது. நம்பர் பிளேட்டுக்கு மேலே வைத்தபோது பம்பர் பக்கம் அருமையாகத் தெரிந்தது. ஆனால் பின்னால் ஒரு கார் வந்து ஒட்டியதும் அதன் கிரில் மட்டும்தான் திரை முழுக்க. அதற்குப் பின்னால் சாலையில் என்ன நடக்கிறது என்பது போய்விட்டது. கூரை விளிம்பில் வைத்ததும் ஒட்டி நிற்கும் காரைத் தாண்டி அடுத்த வண்டி, அதற்கடுத்த வண்டி எல்லாம் தெரிந்தது. அழுக்கும் ஒரு காரணம். சதுரமாக முடியும் பின்பக்கத்தை ஒட்டி, வண்டி ஓடும்போது காற்றழுத்தம் குறைந்து, சக்கரம் கிளப்பும் தூசியும் சேற்றுநீரும் உள்ளிழுக்கப்பட்டுப் பின் கதவில் படியும். கீழே இருக்கும் கேமரா மழையில் சீக்கிரமே குருடாகிவிடும். மேலே வைத்து, சின்ன மூடி போல ஒரு தகடும் கொடுத்தால் எவ்வளவோ தேவலை.

மேலே வைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. தூரத்தைக் காட்டுகிற மாதிரி கேமராவை நிமிர்த்தினால் பம்பர் தெரியாது. பம்பர் தெரிகிற மாதிரி குனிய வைத்தால் பின்னால் வரும் வண்டி திரையின் மேல் விளிம்பில் நசுங்கிப்போய் இருக்கும். இரண்டு லென்ஸ் உள்ள கேமராக்கள் இதற்கென்றே உண்டு. ஒன்று தூரத்துக்கு, ஒன்று கீழே பார்க்க. விலை கூடுதல், மிரரும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மிரர் வகைத் திரைகள் பலவற்றில் விரலால் மேலும் கீழும் இழுத்தால் படத்தின் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று மாற்றலாம், ரிவர்ஸ் போட்டால் தானாகக் கீழே இறங்கும் வசதியும் இருக்கும். திரை நீள அகலமான பட்டை, கேமரா எடுப்பது அதைவிட உயரமான படம் என்பதால் இது சாத்தியமாகிறது. நாங்கள் அந்த வழியைத்தான் எடுத்தோம். பம்பரின் விளிம்பு படத்தின் அடியில் ஒரு கோடாகத் தெரிகிற அளவுக்குக் குனிய வைத்தோம். பம்பர் படத்தில் இல்லாவிட்டால் தூரத்தைக் கணிக்க எந்த அடையாளமும் இருக்காது.

லென்ஸின் கோணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 170 டிகிரி என்று பெரிதாக அச்சடித்திருந்தால் ஆசைப்படத் தோன்றும். கோணம் அகலமாக அகலமாக எல்லாமே சிறிதாகும், சிறிதாகத் தெரிவது தூரத்தில் இருப்பதாக மனம் எடுத்துக்கொள்ளும். ரிவர்ஸுக்கு அகலம் நல்லது. ஓட்டும்போது பின்னால் வரும் லாரி புள்ளியாகத் தெரிவது ஆபத்து. ஓட்டுவதற்கு என்றே வாங்கினால் அகலம் குறைந்த லென்ஸ்தான் சரி. என்னைக் கேட்டால் 120-ஐத் தாண்ட வேண்டாம். இரண்டு ஓரத்தையும் பார்க்கத்தான் சைடு மிரர் இருக்கிறதே.

சரி, இடம் முடிவாகிவிட்டது. ஓட்டை போடும் முன் கேமராவின் வாலில் சின்னதாக வளைந்து தொங்கும் வயர் வளையங்கள் இருக்கிறதா என்று பாருங்கள். பல கேமராக்களில் ஒரு வளையத்தை வெட்டினால் படம் இடவலம் மாறும், இன்னொன்றை வெட்டினால் தூரத்தைக் கணிக்கத் திரையில் வரும் ரிவர்ஸ் கோடுகள் மறையும். எந்த நிறம் எதற்கு என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், கூட வரும் தாளைப் படித்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். இடவலம் சரியாக இருக்கிறதா என்பதை மேஜையிலேயே சோதிக்கலாம். வண்டியின் இடது பக்கம் நிற்கும் ஆள் திரையிலும் இடது பக்கம் தெரிய வேண்டும். இது பிசகினால் வலது பக்கம் முந்தும் பைக் இடது பக்கம் தெரியும். உயிர் போகிற விஷயம்.

ஓட்டை போடும் இடத்துக்கு உட்புறம் என்ன இருக்கிறது என்று கழற்றிப் பாருங்கள். கூரை விளிம்பின் உள்ளே பழைய வயர் ஓடலாம், குறுக்குச் சட்டம் இருக்கலாம். கேபிள் 4, 5 மில்லிமீட்டர்தான் தடிமன். ஆனால் அதன் நுனியில் உள்ள கனெக்டர் பெரிது, அது நுழைய ஓட்டையும் பெரிதாக வேண்டியிருக்கும். எந்த முனையை நுழைத்தால் சின்ன ஓட்டை போதும் என்று யோசித்துவிட்டுப் போடலாம். முதலில் மெல்லிய பிட்டால் ஒரு வழிகாட்டி ஓட்டை, பிறகு படிப்படியாக அகலமாகும் ஸ்டெப் பிட். விளிம்பின் பிசிறை அரத்தால் தேய்த்து எடுத்து, வெளிப்பட்ட இரும்புக்குத் துரு தடுக்கும் பிரைமர் தடவி, காய்ந்த பிறகு ஓட்டையின் விளிம்பு கேபிளை அறுக்காமல் காக்கும் ரப்பர் வளையமான கிரோமெட்டைப் போட்டு, அதற்கு மேல் சீலன்ட். பழைய வேனில் இந்தப் பிரைமரைத் தவிர்ப்பவர்கள் அடுத்த மழைக்காலத்துக்குள் புதுத் துருப்பொட்டு ஒன்றைப் பார்ப்பார்கள். சீலன்ட் விஷயத்தில் இன்னொன்று: காடி வாடை அடிக்கும் சாதாரண பாத்ரூம் சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும், அது இரும்பை அரிக்கும். நியூட்ரல் சிலிக்கானோ பாலியூரித்தேன் சீலன்ட்டோ வாங்குங்கள். கேபிள் உள்ளே நுழையும் முன் ஓட்டைக்குக் கீழே தொங்கி வளைந்து பிறகு மேலேறும்படி விட்டால், கேபிளில் வழியும் மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், உள்ளே வராது. கனெக்டர் எப்போதும் உள்பக்கம்தான் இருக்க வேண்டும். கேமராவுக்கு ஐபி 68, அதாவது தூசியும் தண்ணீரும் புகாது, என்று போட்டிருந்தாலும் கனெக்டருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

கேமராவைப் பின் கதவிலேயே வைக்காமல் கதவுக்கு மேலே உள்ள நிலையான கூரைத் தகட்டில் வைத்ததற்குக் காரணம் கீல்தான். கதவில் வைத்தால் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் கேபிள் வளையும். உள்ளே இருக்கும் மெல்லிய செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, ஒருநாள் படம் விட்டுவிட்டு வரும். கதவைத் தவிர வேறு இடமே இல்லையென்றால், கதவுக்கும் பாடிக்கும் நடுவே ஏற்கெனவே இருக்கும் ரப்பர் குழாய்க்குள் கேபிளை நுழைத்து, அந்த இடத்தில் சுருக்கமில்லாமல் தளர்வாக விடுங்கள்.

உள்ளே கேபிள் இழுப்பது கேம்பர் வேனில் தனிப் பாடு. காரில் ரூஃப் லைனிங் விளிம்பை விரலால் தள்ளியே போய்விடலாம். இங்கே அலமாரி, கட்டில் பெட்டி, சுவர்ப் பலகை எல்லாம் ஆணியடித்து நிற்கும். எங்கள் வேனில் மேல் அலமாரிகளின் உள்மூலையில் ஏற்கெனவே பழைய லைட் வயர் போகும் ஓட்டைகள் இருந்தன, அவற்றையே பயன்படுத்திக்கொண்டோம். மடங்காத பிளாஸ்டிக் பட்டையின் நுனியில் கேபிளைக் கட்டி ஒரு பக்கம் நான் தள்ள, மறுபக்கம் என் மனைவி இழுத்தார். "இழுக்காதீங்க, இங்க எங்கேயோ மாட்டிக்கிச்சு" என்று அவர் சொன்ன இடத்தில் எல்லாம் நிறுத்திப் பார்த்ததால்தான் கேபிள் தோல் உரியாமல் வந்தது. வெளியிலிருந்து கரண்ட் எடுக்கும் கனமான மெயின்ஸ் கேபிளோடு சேர்த்துக் கட்ட வேண்டாம். கேஸ் குழாயை ஒட்டியும் போக வேண்டாம். கேஸ் சிலிண்டர் இருக்கும் அறைக்குள் ஓட்டை போட்டுக் கொண்டுபோவதை அடியோடு மறந்துவிடுங்கள்; அந்த அறை வேனின் உட்புறத்திலிருந்து காற்றுப் புகாமல் மூடியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

கேம்பர் வேனில் இரண்டு பேட்டரி இருக்கும்: இன்ஜின் ஸ்டார்ட் செய்ய ஒன்று, உள்ளே லைட், பிரிட்ஜுக்கு இன்னொன்று. மிரருக்குக் கரண்டை எதிலிருந்து எடுப்பது? ஓட்டும்போது மட்டும் வேண்டும் என்றால் சாவி போட்டால் உயிர் வரும் ஃபியூஸிலிருந்து எடுப்பதுதான் நேர்வழி. டெஸ்ட் லேம்ப்பையோ மல்டிமீட்டரையோ வைத்து, சாவி போட்டால் 12 வோல்ட், எடுத்தால் சுழி என்று காட்டும் ஃபியூஸைக் கண்டுபிடித்து, அங்கே 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸோடு தனி வயர் எடுக்கலாம். இப்போதைய தட்டை ஃபியூஸ் என்றால் அதற்கென ஒரு செருகி கிடைக்கும். பழைய வண்டிகளில் வெள்ளைப் பீங்கானில் உலோகப் பட்டை ஓடும் நீள ஃபியூஸ் இருக்கும். அதற்கு இந்தச் செருகி பொருந்தாது, ஃபியூஸ் பெட்டியின் பின்பக்க முனையிலிருந்துதான் வயர் எடுக்க வேண்டும். அந்த முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் முதலில் அதைச் சுத்தம் செய்துவிடுங்கள். பழைய வேனில் ஒரு நிம்மதி என்னவென்றால் ரிவர்ஸ் லைட் வயரில் கம்ப்யூட்டர் எதுவும் உட்கார்ந்திருக்காது. சுவிட்ச், வயர், பல்பு, அவ்வளவுதான்.

நிறுத்தி வைத்திருக்கும்போதும் பதிவு செய்யும் பார்க்கிங் வசதியை நாங்கள் ஸ்டார்ட்டர் பேட்டரியில் இணைக்கவில்லை. இந்த மிரர்கள் சுமார் 5 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 10 ஆம்பியர் அவர். ஒரே இடத்தில் சில நாள் தங்கினால் காலையில் வண்டி கிளம்பாது. அந்த வசதி கட்டாயம் வேண்டும் என்பவர்கள் உள் பேட்டரியிலிருந்து எடுத்து, வோல்ட் குறைந்தால் தானாகத் துண்டிக்கும் பெட்டியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் மாட்டி முடித்த பிறகு ஒரு வினோதமான கோளாறு வந்தது. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது எப்போதாவது வரும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். கேமரா கேபிளிலிருந்து ஒரு சிவப்பு வயர் தனியாகப் பிரியும். அதை ரிவர்ஸ் லைட்டின் பாசிட்டிவில் சேர்த்தால், ரிவர்ஸ் போட்டதும் திரை கீழே இறங்கிக் கோடுகளைக் காட்டும். எங்கள் வேனில் இண்டிகேட்டர் போடும்போதெல்லாம், விளக்கு மின்னும் அதே தாளத்தில் திரையும் ரிவர்ஸுக்கு மாறி மாறித் துள்ளியது. மிரர்தான் பழுது என்று யாருக்கும் தோன்றும். வண்டி வயரிங் தெரிந்த ஒரு பெரியவரிடம் போனில் சொன்னேன். "மிரரைத் தொடாதே தம்பி, பின் விளக்கோட எர்த்தைப் பாரு" என்றார்.

அவர் சொன்னது அப்படியே சரி. பின் விளக்குத் தொகுதியில் இண்டிகேட்டர், பிரேக், ரிவர்ஸ் எல்லாப் பல்புக்கும் பாடிக்குப் போகும் எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு, ஒன்றுதான். அந்தத் திருகின் அடியில் துரு. இண்டிகேட்டர் எரியும்போது கரண்ட் பாடிக்குப் போக வழியில்லாமல் அந்தப் பொது முனையிலேயே வோல்ட் ஏறுகிறது. எங்கள் வேனில் ரிவர்ஸ் லைட் ஒன்றே ஒன்று. ஏறிய வோல்ட் ரிவர்ஸ் பல்பின் இழை வழியாகப் பின்னோக்கி வந்து சிவப்பு வயரில் நிற்கிறது. மிரர் அதை ரிவர்ஸ் கியர் என்று எடுத்துக்கொள்கிறது. மல்டிமீட்டரின் ஒரு முனையை விளக்கின் எர்த்திலும் மறுமுனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வைத்து இண்டிகேட்டரைப் போட்டுப் பார்த்தேன். கிட்டத்தட்டச் சுழியாக இருக்க வேண்டிய இடத்தில் சில வோல்ட் காட்டியது. திருகைக் கழற்றி, வெள்ளி மாதிரி பளிச்சென்று இரும்பு தெரியும் வரை உப்புத்தாளால் தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினேன். துள்ளல் நின்றது, மங்கிக் கிடந்த பின் விளக்குகளும் பிரகாசமாயின. இந்த எர்த் சோதனையைக் கேமரா வாங்கும் முன்பே செய்துவிடலாம். கேமரா வாங்காவிட்டாலும் செய்ய வேண்டிய வேலைதான்.

உடம்பு ஃபைபர் கிளாஸில் செய்த கேம்பர் என்றால் பாடி எர்த் என்பதே பின்னால் கிடையாது. எர்த்துக்கும் தனி வயர் முன்னால் வரை இழுக்க வேண்டும். வயர் இணைப்புகளுக்கு உருகி ஒட்டும் ஹீட் ஷ்ரிங்க் உறையோடு வரும், நசுக்கி இறுக்கும் கிரிம்ப் கனெக்டர்தான் என் தேர்வு. வயரைக் கத்தி போலக் கடித்துப் பிடிக்கும் நீலக் கிளிப் வேகமாக மாட்டலாம், ஆனால் இழைகளை வெட்டும், ஈரமும் உள்ளே போகும். எஃப்எம் ரேடியோவில் புதிதாக இரைச்சல் வந்தால் மிரரின் கரண்ட் கன்வெர்ட்டரைச் சந்தேகியுங்கள். ஏரியல் கேபிளிலிருந்து தள்ளி வைத்து, வயரில் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் கிளிப் ஒன்று மாட்டினால் பெரும்பாலும் அடங்கும்.

முன்பக்கம் மிரர் மாட்டும் வேலை சின்னது, ஆனால் பழைய கண்ணாடியின் காம்பில் உள்ள உருண்டை மூட்டு தளர்ந்திருந்தால் புதிய மிரரின் கனத்தில் அது தொங்கிவிடும். டீசல் இன்ஜின் சும்மா ஓடும்போதே படம் நடுங்கும். மூட்டை இறுக்க வழியிருந்தால் இறுக்கலாம், இல்லாவிட்டால் காம்பையே மாற்றிவிடுவது நல்லது. 12 அங்குல மிரர் வாங்கும் முன், வெயில் மறைப்புப் பலகைகளை இறக்கினால் இடிக்கிறதா என்று அட்டை வெட்டி வைத்துப் பாருங்கள். பழைய வேன்களில் முன் கண்ணாடி செங்குத்தாக, முகத்துக்கு அருகில் இருப்பதால் இடம் குறைவு. வெயிலில் நிற்கும் வேனில் அந்த இடம் அடுப்பாகக் காயும். உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கும் மிரரைவிட, அதற்குப் பதிலாகக் கரண்டைச் சேமிக்க சூப்பர் கெப்பாசிட்டர் வைத்தது சூட்டைத் தாங்கும்.

இனிமேல் சொல்வதை எந்தப் பெட்டியிலும் அச்சடிப்பதில்லை. சாதாரணக் கண்ணாடியில் பார்க்கும்போது கண், பின்னால் இருக்கும் பொருளின் உண்மையான தூரத்துக்குத்தான் குவிகிறது. சாலையிலிருந்து கண்ணாடிக்குப் பார்வையை மாற்றினாலும் கண் குவியத்தை மாற்றத் தேவையில்லை. திரை அப்படியல்ல. முகத்திலிருந்து இரண்டு மூன்றடியில் இருக்கும் ஒரு படத்துக்குக் கண் குவிய வேண்டும், பிறகு சாலைக்குத் திரும்பக் குவிய வேண்டும். இளம் கண்ணுக்கு இது தெரியாது. நாற்பதுகளைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்களுக்குத் திரை மங்கும். புரோகிரசிவ் மூக்குக்கண்ணாடி போடுபவர்களுக்கு இன்னும் சங்கடம்: அதன் மேல்பகுதி தூரத்துக்கு, கிட்டத்தில் பார்ப்பது கீழ்ப்பகுதியில். மிரரோ மேலே இருக்கிறது. தலையை அண்ணாந்து பார்க்க வேண்டிவரும். அதனால் வாங்கும் முன் யாருடைய வண்டியிலாவது உட்கார்ந்து, ஓட்டும்போது போடும் அதே மூக்குக்கண்ணாடியோடு பாருங்கள். ஒத்துவராவிட்டால் டேஷ்போர்டில் தாழ்வாக வைக்கும் தனித் திரை நல்ல மாற்று. எனக்கு நடுத்தர வெளிச்சத்தில் வைத்தால் சரிப்பட்டது. பளிச்சென்று வைத்தால் இரவில் கண் கூசுகிறது.

தூரக் கணிப்பும் புதிதாகப் பழக வேண்டும். கேமரா ஒற்றைக்கண். பின்னால் வரும் வண்டி எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்பது அதில் சட்டென்று பிடிபடாது. லேன் மாறும் முடிவை நான் இன்றும் சைடு மிரரில்தான் எடுக்கிறேன். கேமரா, நேர் பின்னால் யார் என்பதற்கு மட்டும். சைடு மிரரைக் கழற்றிவிட இது காரணமாகாது, சட்டமும் விடாது. டேஷ்கேம் பதிவுக்குச் சில நாடுகளில் கட்டுப்பாடு இருப்பதால், எல்லை தாண்டிப் போகிறவர்கள் பதிவை மட்டும் அணைத்து வைக்கத் தெரிந்துகொள்வது நல்லது.

திரையில் வரும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகளை நம்பாதீர்கள். அவை ஏதோ ஒரு காரின் உயரத்துக்கு வரைந்தவை. காலியான சமதளத்தில் வேனை நிறுத்தி, பின் பம்பரிலிருந்து அரை மீட்டர், ஒரு மீட்டர், இரண்டு மீட்டரில் தண்ணீர் பாட்டில்களை நிறுத்தினோம். எந்தப் பாட்டில் திரையில் எங்கே தெரிகிறது என்று பார்த்து, கோட்டை நகர்த்தும் வசதியில் சரிசெய்தோம். பைக் ஸ்டாண்டு மாட்டியிருந்தால் அதன் விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். பிறகு அந்த 10 அடிக்கு 20 அடிக் கட்டத்தைச் சுண்ணாம்புக்கட்டியால் தரையில் வரைந்து, ஓரங்களிலும் மூலைகளிலும் ஒரு சின்னக் குழந்தையின் உயரத்துக்கு வரும் பெட்டியை வைத்துப் பார்த்தோம். பம்பரின் இரண்டு மூலைகளையும் ஒட்டி ஒரு சின்ன முக்கோணம் எங்கள் கேமராவில் தெரியவில்லை. அந்த இடம் தெரிந்த பிறகு, முகாம்களில் குழந்தைகள் சுற்றித் திரியும் இடத்தில் ஒருவர் இறங்கிப் பின்னால் நிற்காமல் நாங்கள் ரிவர்ஸ் எடுப்பதில்லை. "இன்னும் ஒரு அடி வாங்க, போதும் நில்லுங்க" என்று சொல்ல ஆள் இருந்தால் கேமராவைவிட நிச்சயம்.

இரவில் பின்னால் வரும் எல்இடி ஹெட்லைட்டுகள் திரையில் துடிப்பது போலத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அந்த விளக்குகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிபவை. கேமராவின் பிரேம் வேகத்தோடு மோதும்போது துடிப்பாகத் தெரியும். கேமராவைச் சுற்றி இருக்கும் இன்ஃப்ராரெட் புள்ளி விளக்குகள் சில அடி தூரத்துக்குத்தான் உதவும். லென்ஸ் மேல் தூசி இருந்தால் அந்த வெளிச்சம் அதிலேயே பட்டுத் திரும்பிப் படம் பால்வெள்ளையாகும். அதனால் எரிபொருள் போட நிற்கும்போதெல்லாம் நீளக் கம்பில் கட்டிய மெல்லிய ஈரத்துணியால் லென்ஸை ஒரு தடவை துடைத்துவிடுவோம். மழைக்காலம் தொடங்கும் முன் சீலன்ட்டின் ஓரம் உரிந்திருக்கிறதா, கேமராவைப் பிடித்திருக்கும் திருகு இளகியிருக்கிறதா, உள்ளே கிரோமெட்டைச் சுற்றி ஈரக்கறை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்கிறோம்.